கெஷேடிக்டர்: அன்னூருக்கு வந்த ஒரு ஜெர்மன் சொல்

அன்னூரில் நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் ஒன்று. மூத்த மகன் மேற்படிப்புக்காக ஜெர்மனியில் இருக்கிறார். ஒரு நாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்பிய அத்தாவின் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படம் வந்து கிடந்தது. சைக்கிளில் போன மகனை ஒரு கார் இடித்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது. வீட்டில் பயப்படுவார்கள் என்று பத்து நாளாகச் சொல்லாமல் இருந்துவிட்டார். இப்போது காவல்துறையிடமிருந்து கடிதம். அதில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ‘கெஷேடிக்டர்’ என்று அச்சிட்டிருந்தது. அறை நண்பர் ஒருவர், "இது குற்றம் செய்தவனுக்குப் போடும் வார்த்தை" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. விசா போய்விடுமா, படிப்பு என்னாகும், வங்கிக் கடனை எப்படிக் கட்டுவது என்று வீடே கலங்கிப் போனது.

அத்தா அந்தப் படத்தோடு நம்மிடம் வந்தார். அந்த நண்பர் சொன்னதற்கு நேர்மாறானது அந்தச் சொல். கெஷேடிக்டர் என்றால் பாதிக்கப்பட்டவர்.

நண்பர் குழம்பியதற்கும் காரணம் உண்டு. ஜெர்மன் மொழியில் ‘ஷாடன்’ என்றால் சேதம், இழப்பு. சேதத்துக்கு ஆளானவர் கெஷேடிக்டர். ‘ஷுல்ட்’ என்றால் குற்றம். கடனுக்கும் அதே சொல்தான். குற்றம் சுமத்தப்பட்டவர் பெஷுல்டிக்டர். புதிதாக மொழி கற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பெஷுல்டிக்டர் என்று கடிதம் வந்தால் வாய் திறக்காமல் முதலில் வக்கீலைப் பார்க்க வேண்டும். கெஷேடிக்டர் என்று வந்தால் நடந்ததை எழுதிக் கொடுத்து, நமக்குச் சேர வேண்டியதைக் கேட்க வேண்டும்.

அன்றாடப் பேச்சில் ஜெர்மானியர்கள் பாதிக்கப்பட்டவரை ‘ஒப்ஃபர்’ என்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு பலி என்றும் பொருள். குர்பானிக்கும் அதே சொல்தான். தமிழ்ப் பத்திரிகைகளும் ‘விபத்தில் மூவர் பலி’ என்றே எழுதிப் பழகிவிட்டன. பலியானவர் எதுவும் கேட்க முடியாதவர். கெஷேடிக்டர் அப்படியல்ல. அவருக்குக் கணக்கு இருக்கிறது, கேட்கும் உரிமை இருக்கிறது. காவல்துறையும் காப்பீட்டு நிறுவனங்களும் இந்தச் சொல்லையே அதிகம் புழங்குகின்றன. ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ‘ஃபெர்லெட்ஸ்டர்’, அதாவது காயமுற்றவர், என்ற சொல்லைக் கையாள்கிறது. அது யாரைக் குறிக்கும் என்று 2021-இல்தான் அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்தார்கள். குற்றத்தால் நேரடியாகப் பாதிப்பு அடைந்தவர் எவரும் அதில் வருவார். அவர் இறந்துவிட்டால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரும் அதே இடத்தில் நிற்பார்கள்.

மகனுக்கு நாம் முதலில் சொல்லச் சொன்னது காலக்கெடுவைத்தான். கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துதல், சாதாரண அடிதடி, அவமதிப்பு போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரே ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று முறைப்படி எழுதிக் கேட்பதை அந்த நாட்டுச் சட்டம் எதிர்பார்க்கிறது. சம்பவமும் செய்தவர் யார் என்பதும் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். பொதுநலன் கருதி அரசு வழக்கறிஞரே எடுத்து நடத்தும் வழக்குகளும் உண்டு. அதை நம்பி இருந்துவிட முடியாது. விபத்தில் தவறு எதிராளியுடையது என்றால், சேதத்தை மதிப்பிட நாமே ஒரு நிபுணரையும் வக்கீலையும் அமர்த்திக்கொள்ளலாம். மிகச் சிறிய சேதமாக இல்லாதவரை அந்தச் செலவும் எதிராளியின் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில்தான் விழும். எதிராளியின் காப்பீட்டு நிறுவனம் ஃபோன் செய்து ‘எங்கள் ஆளையே அனுப்புகிறோம்’ என்று இனிமையாகப் பேசும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவரே சந்தேகத்துக்கு ஆளானபோது

ஜெர்மன் நீதிமன்றங்களில் இன்னொரு சொல்லும் உண்டு: ‘நேபன்க்ளேகர்’. அரசு வழக்கறிஞருக்குப் பக்கத்தில் நின்று வழக்காடுபவர் என்று சொல்லலாம். கொலை, பாலியல் குற்றம், தாக்குதல் போன்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரோ இறந்தவரின் நெருங்கிய உறவினரோ இப்படிச் சேர்ந்துகொள்ளலாம். விசாரணை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், புதிய ஆதாரங்களை விசாரிக்கும்படி கோரலாம், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

மர்வா அல் ஷெர்பினியை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எகிப்தைச் சேர்ந்த மருந்தாளுநர், ஹிஜாப் அணிந்தவர், ஒரு குழந்தையின் தாய். டிரெஸ்டன் நகரின் விளையாட்டுத் திடலில் தன்னைத் தீவிரவாதி என்று ஏசியவன் மீது அவர் புகார் கொடுத்தார். அவனுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டு விசாரணையில் சாட்சி சொல்ல வந்தவரை 2009 ஜூலை 1 அன்று நீதிமன்ற அறைக்குள்ளேயே அவன் குத்திக் கொன்றான். அப்போது அவர் கர்ப்பிணி. மூன்று வயது மகன் அதே அறையில் இருந்தான். தடுக்கப் பாய்ந்த கணவரை, தாக்கியவன் அவர்தான் என்று நினைத்து ஒரு காவலர் காலில் சுட்டார். அதே ஆண்டு நவம்பர் 11-இல் கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

கணவர் சுடப்பட்டது ஒரு நொடித் தவறு. ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த தவறும் உண்டு. 2000 செப்டம்பரில் நியூரம்பெர்க்கில் பூ வியாபாரி என்வர் ஷிம்ஷெக் சுடப்பட்டார். 2006 ஏப்ரலில் காசல் நகரில் ஹாலித் யோஸ்காட் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். 2007-க்குள் மொத்தம் பத்துப் பேர். எட்டுப் பேர் துருக்கி வம்சாவளியினர், ஒருவர் கிரேக்கர், ஒருவர் பெண் காவலர். போதைப்பொருள் தொடர்பா, குடும்பப் பகையா என்று பல ஆண்டுகள் காவல்துறை துருவித் துருவிக் கேட்டது இறந்தவர்களின் வீட்டாரையே. கெஷேடிக்டரை பெஷுல்டிக்டராக நடத்தினார்கள் என்பதுதான் அதன் சாரம். செய்தது நவநாஜிக் குழு என்பது 2011 நவம்பரில்தான் வெளிவந்தது.

2013 மே மாதம் மியூனிக்கில் தொடங்கிய விசாரணை 2018 ஜூலை 11 வரை நீண்டது. 90-க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோரும் உறவினர்களும் நேபன்க்ளேகர்களாக அதில் உட்கார்ந்தார்கள். காவல்துறை கேட்காமல் விட்ட கேள்விகளை அவர்களுடைய வக்கீல்கள் எழுப்பினார்கள். இதற்கு நடுவே ஒரு கூத்தும் நடந்தது. இல்லவே இல்லாத ஒரு பெண்ணைப் பாதிக்கப்பட்டவர் என்று காட்டி ஒரு வக்கீல் இரண்டரை ஆண்டுகள் ஆஜராகி வந்தது 2015-இல் அம்பலமானது. பாதிக்கப்பட்டவர் என்ற இடத்துக்கு மதிப்பும் பணமும் சேர்ந்தால் போலிகளும் சேரும் போலிருக்கிறது.

நம் நாட்டில் யார் பாதிக்கப்பட்டவர்?

ஜெர்மனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தா ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ஊர்ல இதுக்கு என்ன பேரு?" நியாயமான கேள்வி. நம் பக்கத்து நீதிமன்றங்களில் வக்கீல்கள் ‘டிஃபாக்டோ’ என்பார்கள். டிஃபாக்டோ கம்ப்ளெய்னன்ட் என்பதன் சுருக்கம் அது. வழக்கை நடத்துவது அரசு, புகார் கொடுத்தவர் பேருக்கு ஒருவர் என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது.

1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் முப்பத்தாறு ஆண்டுகள் ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதற்கு வரையறையே இல்லாமல் ஓடியது. 2008-இல் நிறைவேறிய திருத்தம் 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் வரையறை வந்தது. குற்றச்சாட்டுக்கு ஆளானவரின் செயலால் இழப்போ காயமோ அடைந்தவர், அவருடைய பாதுகாவலர், சட்டப்படியான வாரிசு ஆகியோர் அதில் அடங்குவர். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் ஏறக்குறைய அதே வரையறைதான். ஆனால் ஒரு சிறு மாற்றம். ‘எந்தச் செயலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளாரோ’ என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எனவே குற்றப்பத்திரிகை வரும்வரை காத்திருக்காமல், தொடக்கத்திலேயே நாம் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு.

வாரிசையும் சேர்த்துச் சொல்வது நமக்குப் புதிதல்ல. கொல்லப்பட்டவரின் ‘வலீ’க்கு அதிகாரம் உண்டு, அவர் வரம்பு மீறக் கூடாது என்று குர்ஆனின் 17-ஆவது அத்தியாயம் 33-ஆவது வசனம் பேசுவதை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். இன்றைய சட்டத்தில் தண்டிக்கும் அதிகாரம் முழுக்க அரசிடம் இருக்கிறது. வாரிசுக்கு மிஞ்சியிருப்பது குரல். அந்தக் குரலின் அளவை நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டி வந்திருக்கின்றன.

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்தோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்ததை எதிர்த்தோ, இழப்பீடு போதாது என்றோ பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். இதற்குத் தனி அனுமதி பெற வேண்டியதில்லை என்று 2018 அக்டோபரில் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ‘தண்டனை போதாது’ என்பதற்காக மட்டும் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியாது. ஜெர்மனியிலும் இதே கட்டுப்பாடு உண்டு. லக்கிம்பூர் கேரி வழக்கில் காணொலி இணைப்பு அறுந்து பாதிக்கப்பட்டோரின் வக்கீல் பேச முடியாமலே பிணை வழங்கப்பட்டது. 2022 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிணையை ரத்து செய்து, விசாரணையின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்றது. குஜராத்தின் பில்கிஸ் பானு, தன் வழக்கில் தண்டிக்கப்பட்ட 11 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டதை எதிர்த்துத் தானே உச்ச நீதிமன்றம் போனார். 2024 ஜனவரி 8-இல் அந்த விடுதலை ரத்தானது.

ஜெர்மனிக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அங்கே பாதிக்கப்பட்டவரின் வக்கீல் சாட்சியை நேரடியாகக் கேள்வி கேட்கலாம். இங்கே அவர் அரசு வழக்கறிஞருக்கு உதவலாம், எழுத்து மூலம் வாதம் தரலாம், அவ்வளவுதான். சாட்சிகளைத் தாமே விசாரிக்க அனுமதி இல்லை என்று ரேகா முரார்கா வழக்கில் 2019-இல் தீர்ப்பானது. அரசு வழக்கறிஞர் சரியாக அமையாவிட்டால் இங்கே குடும்பம் தத்தளித்துப் போகும். கோகுல்ராஜின் தாயார் சித்ரா அதனால்தான் தனக்கு நம்பிக்கையான அரசு வழக்கறிஞர் வேண்டும் என்று போராடினார். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலுக்குப் போன ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ், மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். விசாரணை நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாறியது. வழக்கறிஞர் ப. பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞரானார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை அறிவிக்கப்பட்டது. நம் கொங்கு மண்டலத்தில் பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்களில் அந்தத் தாய் முதன்மையானவர்.

பொள்ளாச்சி வழக்கையும் விட்டுவிட முடியாது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் காவல்துறை வாயிலாகவே வெளியானதற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கும்படி 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாவது பாதிப்பு அது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது.

வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. செக் திரும்பிய வழக்குகள் இல்லாத கடைவீதி நம் பக்கத்தில் ஏது? அந்த வழக்கில் எதிராளி விடுதலையானால், இதுவரை சென்னை வரை போய் சிறப்பு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன செலஸ்டியம் ஃபைனான்ஷியல் வழக்கில், பணம் வராமல் நின்றவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி அவர் அனுமதி கேட்காமலே அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

புகாரில் யார் பெயர்?

நம் வீடுகளில் அதிகம் தவறுவது ஓர் எளிய இடத்தில். விபத்தோ தாக்குதலோ நடந்ததும் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு ஓடுவோம். புகாரை வேறு யாரோ கொடுப்பார்கள், பக்கத்துக் கடைக்காரரோ தூரத்து உறவினரோ. முதல் தகவல் அறிக்கையில் புகார்தாரர் அவர்தான். காவல்துறை வழக்கை முடித்துவிடுவதாக அறிக்கை தந்தால், புகார்தாரருக்கு நீதிமன்றம் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 1985-லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் புகார்தாரர் அல்லாத காயம்பட்டவருக்கோ உறவினருக்கோ அந்த அறிவிப்பைக் கட்டாயம் ஆக்கவில்லை. அவர்கள் தாமாகத் தெரிந்துகொண்டு வந்தால் பேசலாம் என்றது. யார் வந்து சொல்வார்கள்?

புதிய சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வழக்கை அரசு திரும்பப் பெற நினைத்தாலும் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. எனவே வேறொருவர் புகார் கொடுத்திருந்தால், காயம்பட்டவரோ வாரிசோ ‘நானே பாதிக்கப்பட்டவன், எனக்கும் தகவல் தாருங்கள்’ என்று தம் ஃபோன் எண்ணோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளும் சமரசம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மன்னிப்பது உயர்ந்த குணம், அதில் இரு கருத்து இல்லை. சட்டமும் சில குற்றங்களில் சமரசத்தை ஏற்கிறது, அதுவும் அடிபட்டவரோ ஏமாற்றப்பட்டவரோ சம்மதித்தால் மட்டும். ஆனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த வழக்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஐம்பதாயிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ‘இனி எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று விதவையிடம் கையெழுத்து வாங்குவதால் குற்ற வழக்கு முடியாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டிய தொகைக்குத்தான் அந்தத் தாளை முட்டுக்கட்டையாக நீட்டுவார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதக் கெடுவையும் சட்டம் வைத்துள்ளது. இத்தா நாட்களில் வீட்டுக்கு வரும் இடைத்தரகர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்தில் விண்ணப்பிக்கும் இடமும் அதுவே.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தா எழுந்து வீட்டுக்குப் போய், மஞ்சள் பையில் சில காகிதங்களோடு திரும்பி வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவிநாசி சாலையில் ஒரு வாகனம் அவரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் மடிப்பு கலையாமல் இருந்தது. புகார்தாரர் என்ற இடத்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்த டீக்கடைக்காரர் பெயர். போன மாதம் கடைக்கு ஏதோ அறிவிப்பு வந்ததாகவும், என்னவென்று தெரியாமல் கல்லாவில் போட்டு வைத்திருப்பதாகவும் அந்த அண்ணன் ஃபோனில் சொன்னார். வாகனம் தெரியாத விபத்துகளில் மரணத்துக்கு 2 லட்சமும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் வருவாய்த் துறை வழியாகக் கிடைக்கும் திட்டம் இருக்கிறது என்பதையே அத்தா அன்றுதான் கேள்விப்பட்டார். காயச் சான்றும் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கமும் பையில் இருந்தன. வங்கிப் புத்தக நகல் மட்டும் இல்லை. மகனுக்கு ஜெர்மன் மொழியில் பதில் எழுதுவதை மாலைக்கு ஒத்திவைத்துவிட்டு, முதலில் டீக்கடைக்குக் கிளம்பினோம்.